எகிப்தில் ஹெப்படைடிஸ் சி நோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை: ஊசியிலிருந்து மாத்திரைக்கு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நாள்பட்ட ஹெப்படைடிஸ் சி நோய்க்கான சிகிச்சை வரலாறு பெரும்பாலும் ஒரு மருந்தை அடுத்து மற்றொரு மருந்து வந்த வரிசையாகவே எழுதப்பட்டு வருகின்றது. இந்நோயின் பெருஞ்சுமையைத் தாங்கிய எகிப்து நாட்டை மையமாகக் கொண்டு நோக்கும்போது அவ்வரலாறு வேறு வடிவம் கொள்கின்றது. எகிப்தில் இவ்வைரஸ் பரவியதற்கு மற்றொரு நோயைத் தீர்ப்பதற்காகப் போடப்பட்ட ஊசிகளே முதன்மைக் காரணமாக அமைந்தன. அதனைத் தீர்க்க வந்த முதல் கூட்டுச் சிகிச்சையும் ஊசியையே நம்பியிருந்தது. கூட்டுச் சிகிச்சையின் வெற்றியை மருந்தின் ஆற்றல் மட்டும் தீர்மானிக்கவில்லை. அக்கூட்டு நோயாளியின் மீதும் அரசின் மீதும் சுமத்திய பளுவும் சேர்ந்தே தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: ஹெப்படைடிஸ் சி, கூட்டு மருந்துச் சிகிச்சை, இன்டர்ஃபெரான், ரிபாவிரின், சோஃபோஸ்புவிர், எகிப்து, பில்ஹார்சியா, பொதுச் சுகாதார வரலாறு.

முன்னுரை

ஹெப்படைடிஸ் சி என்பது குருதிவழிப் பரவும் வைரசால் உண்டாகும் கல்லீரல் அழற்சி ஆகும். தொற்றியவர்களுள் பெரும்பான்மையோருக்கு அது நாள்பட்ட நோயாக நிலைத்துவிடுகின்றது. பல்லாண்டுகள் வெளிப்படையான அறிகுறிகள் இன்றி இருந்து, பின்னர் கல்லீரல் சுருக்க நோயாகவும் கல்லீரல் புற்றாகவும் முற்றக்கூடியது அது. 2008ஆம் ஆண்டில் எகிப்தில் நடத்தப்பட்ட தேசிய மக்கள்தொகை நலவாழ்வுக் கணக்கெடுப்பு, 15 முதல் 59 வயதுக்கு உட்பட்டோரில் 14.7 விழுக்காட்டினரின் குருதியில் இவ்வைரசுக்கான எதிர்ப்பொருள் இருந்ததையும், 9.8 விழுக்காட்டினரிடம் வைரசே இருந்ததையும் வெளிப்படுத்தியது. உலக நாடுகளுள் மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று இது.

அதே நாட்டிற்கு 2023 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனம், ஹெப்படைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் தங்கத் தர நிலையை வழங்கியது. அந்நிலையை உலகில் முதலில் எட்டிய நாடு எகிப்து. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தைப் புதிய மாத்திரையின் வெற்றி என்று மட்டும் கொள்வது போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

நோய் பரவிய வரலாறு

பில்ஹார்சியா என்பது குருதிக்குழாய்களில் வாழும் தட்டைப்புழுவால் உண்டாகும் நோய். நன்னீர் நத்தைகளின் வழியாக நீரில் பரவும் இந்நோய், நைல் ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழ்ந்த உழவர்களைப் பெரிதும் வாட்டியது. அப்புழுவை 1851இல் கெய்ரோவில் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்சின் பெயராலேயே நோய் வழங்கலாயிற்று. 1918இல் சூடானின் கார்ட்டூம் நகரில் பணியாற்றிய கிறிஸ்டோபர்சன் என்னும் மருத்துவர், டார்ட்டார் எமெட்டிக் எனப்படும் ஆன்டிமனி உப்பை நரம்பூசி வழியே செலுத்தினால் இந்நோய் தீரும் என்று எடுத்துக்காட்டினார். அதன்பின் அம்மருந்து எகிப்திலும் வழக்கிற்கு வந்தது. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அரசு அதனைக் கிராமந்தோறும் பெருமளவில் கொண்டு சென்றது. விழுங்கக்கூடிய பிராசிக்வான்டெல் மாத்திரை வந்த பின்னரே ஊசி கைவிடப்பட்டது.

டார்ட்டார் எமெட்டிக் ஒரே ஊசியில் முடியும் மருந்தன்று. வாரக்கணக்கில் பல ஊசிகள் தேவைப்பட்டன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் பரவலாக இல்லாத அக்காலத்தில், கண்ணாடி ஊசிக்குழல்கள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. வரிசையில் நின்ற பலருக்குச் சில குழல்களே மாறி மாறிப் பயன்பட்டபோது, போதிய அளவு கொதிக்கவைத்துத் தூய்மை செய்ய இயலாமல் போயிற்று. ஒருவர் குருதியிலிருந்த வைரஸ் மற்றவருக்குச் சென்றது.

இத்தொடர்பை 2000ஆம் ஆண்டில் ‘தி லான்செட்’ இதழில் ஃபிராங்க் முதலிய ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். வட்டாரவாரியாக ஊசிச் சிகிச்சை எந்த அளவிற்கு நடந்ததோ அதற்கேற்ப ஹெப்படைடிஸ் சி பரவலும் அமைந்திருந்ததையும், ஊசிக் காலத்தில் வாழ்ந்த வயதினரிடையே நோய் மிகுந்திருந்ததையும் அவர்கள் சான்றாகக் காட்டினர். வைரசின் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காலத்தைக் கணித்த பிற்கால ஆய்வுகள், எகிப்தில் இவ்வைரசின் பெருக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தொடங்கிவிட்டதாகச் சுட்டுகின்றன. எனவே 1950களுக்குப் பிந்திய இயக்கத்தை மட்டும் காரணமாகக் கொள்வது பொருந்தாது. முந்தைய ஊசிச் சிகிச்சையும், பிற்காலத்தில் தொடர்ந்த பாதுகாப்பற்ற மருத்துவ, பல்மருத்துவ நடைமுறைகளும் சேர்த்தே எண்ணப்படவேண்டும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அவ்வூசி இயக்கத்தை நடத்தியோர் அலட்சியத்தால் அதனைச் செய்தனர் என்று கூற இயலாது. ஹெப்படைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். அக்கால அளவுகோலின்படி அது வெற்றிகரமான பொதுச் சுகாதாரப் பணி. தீர்க்க வந்த பணியே மற்றொரு நோயை விதைத்தது என்பது பின்னர் வந்தோருக்கே புலனாயிற்று.

முதற்கூட்டு: இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும்

1975இல் அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் முதலியோர், குருதியேற்றத்திற்குப் பின் வரும் கல்லீரல் அழற்சிகளுள் பல ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல என்று நிறுவினர். 1989இல் மைக்கேல் ஹௌட்டன், குய்லிம் சூ, ஜார்ஜ் குவோ, டேனியல் பிராட்லி ஆகியோர் அடங்கிய குழு வைரசின் மரபணுவைப் பிரித்தெடுத்து அதற்கு ‘சி’ என்று பெயரிட்டது. ஆனால் சிகிச்சை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1986இல் ஹூஃப்நேகல் முதலியோர், இன்னதென்று அறியப்படாத அந்நோயால் பாதிக்கப்பட்ட 10 பேருக்கு ஆல்ஃபா இன்டர்ஃபெரானைச் செலுத்திப் பார்த்தனர். பலருக்குக் கல்லீரல் நொதியின் அளவு தணிந்தது. பகைவன் யார் என்று அறியாமலே தொடங்கிய சிகிச்சை இது.

இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் தாக்குதலுக்கு எதிராக உடல் தானே சுரக்கும் புரதம். லண்டனில் 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவர் அதனைக் கண்டறிந்தனர். அது வைரசை நேரடியாகத் தாக்குவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகின்றது. தனித்துத் தரப்பட்டபோது சிறுபான்மையோரே நிலையாகக் குணமடைந்தனர்.

ரிபாவிரின் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட வாய்வழி மருந்து. அதுவும் தனித்து ஹெப்படைடிஸ் சி வைரசை நீக்கவில்லை; நொதியளவை மட்டும் குறைத்தது. ஆயினும் இரண்டும் சேர்ந்தபோது விளைவு மாறியது. 1998இல் மக்ஹட்சிசன் முதலியோர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 48 வாரம் இன்டர்ஃபெரான் மட்டும் பெற்றோருள் 13 விழுக்காட்டினரும், இரண்டையும் சேர்த்துப் பெற்றோருள் 38 விழுக்காட்டினரும் நிலையாக வைரஸ் நீங்கினர். அதே ஆண்டில் பொய்னார்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் அவ்வளவுகள் முறையே 19, 43 விழுக்காடு. சிகிச்சை முடிந்து 24 வாரங்களுக்குப் பின்னும் குருதியில் வைரஸ் காணப்படாத நிலையே ‘நிலையான நீக்கம்’ எனப்பட்டது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் வாரம் ஒருமுறை போடக்கூடிய பெக்இன்டர்ஃபெரான் வந்தபோது, கூட்டுச் சிகிச்சையின் வெற்றி முறையே 54, 56 விழுக்காடாக உயர்ந்தது.

தனித்து வைரசை நீக்க இயலாத ரிபாவிரின், இன்டர்ஃபெரானுடன் சேர்ந்து ஏன் வெற்றியைப் பெருக்கியது என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. எதுவும் முற்ற ஏற்கப்படவில்லை. அதாவது முதற்கூட்டு, கோட்பாட்டிலிருந்து பிறந்ததன்று; பட்டறிவிலிருந்து பிறந்தது.

முதற்கூட்டின் பளு

இக்கூட்டின் பக்கவிளைவுகள் கடுமையானவை. இன்டர்ஃபெரான் காய்ச்சல், உடல்வலி, களைப்பு, குருதியணுக் குறைவு ஆகியவற்றோடு மனச்சோர்வையும் உண்டாக்கியது. ரிபாவிரின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை விளைவித்தது. கருவுக்குத் தீங்கிழைக்கும் என்பதால் கருவுறுதலைத் தவிர்க்க வேண்டியிருந்தது. ஓராண்டுக் காலம் இவற்றைத் தாங்கியபடி வயலிலும் தொழிற்கூடத்திலும் வேலை செய்வது எளிதன்று. கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியவர்களுக்கு இன்டர்ஃபெரானே ஆபத்தாக முடியும். ஆகவே யாருக்குச் சிகிச்சை மிகத் தேவைப்பட்டதோ அவர்களுக்கே அது மறுக்கப்பட்டது.

எகிப்து அரசு 2006இல் வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுக்கான தேசியக் குழுவை அமைத்தது. சிறப்புச் சிகிச்சை மையங்கள் தொடங்கப்பட்டன. உள்நாட்டில் தயாரான பெக்இன்டர்ஃபெரானும், போட்டியால் இறங்கிய இறக்குமதி விலையும் செலவைக் கணிசமாகக் குறைத்தன. 2008 முதல் 2011 வரை ஏறத்தாழ 1,90,000 பேர் சிகிச்சை பெற்றனர். இன்டர்ஃபெரான் காலத்தில் வேறு எந்த வளரும் நாட்டோடு ஒப்பிட்டாலும் இது பெரிய முயற்சி. ஆனால் பல லட்சக்கணக்கான நோயாளிகளைக் கொண்ட நாட்டில் இது கடலில் ஒரு கை நீர். குளிர்பதன வசதி, வாரந்தோறும் ஊசி, இடைவிடாத குருதிப் பரிசோதனை, பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மருத்துவர் ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்த இடத்தில் மட்டுமே அக்கூட்டு இயங்க முடிந்தது. விலை குறைந்தும் அதன் பளு குறையவில்லை.

இடைக்காலம்: பிறருக்காக வந்த மருந்துகள்

வைரசை நேரடியாகத் தாக்கும் மருந்துகளை உருவாக்க, அதனை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டியிருந்தது. அது நெடுங்காலம் இயலாதிருந்தது. 1999இல் ஜெர்மனியில் லோமன், பார்ட்டன்ஷ்லாகர் முதலியோர், வைரஸ் மரபணுவின் ஒரு பகுதியை வளர்ப்புச் செல்களில் தானே பெருகச் செய்து அத்தடையை நீக்கினர். அதன்பின் வைரசின் ஒவ்வொரு நொதியும் மருந்தின் இலக்காயிற்று.

ஆயினும் தனியொரு மருந்து போதவில்லை. 1998இல் நியூமன் முதலியோர் செய்த கணக்கீட்டின்படி, ஒரு நோயாளியின் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வைரஸ்கள் உண்டாகின்றன. அவற்றின் மரபணு படியெடுக்கப்படும்போது பிழைகள் மிகுதியாக நேர்வதால், எந்த ஒரு மருந்துக்கும் வசப்படாத திரிபு முன்னமே உடலில் இருக்கும். மருந்து மற்றவற்றை அழிக்க, அத்திரிபு பெருகிவிடும். டெலாப்ரெவிர் தனித்துத் தரப்பட்டபோது சில நாட்களிலேயே இவ்வாறு எதிர்ப்புத் திரிபுகள் தலைதூக்கின. எனவே கூட்டு என்னும் கருத்து இப்போது புதிய பொருள் பெற்றது. முன்பு அது வெற்றியைப் பெருக்கும் பட்டறிவு. இப்போது வைரசின் தப்பும் வழிகளை ஒரே வேளையில் அடைக்கும் கோட்பாடு.

2011 மே மாதத்தில் அமெரிக்காவில் போசெப்ரெவிர், டெலாப்ரெவிர் ஆகிய இரண்டும் ஒப்புதல் பெற்றன. இவை பெக்இன்டர்ஃபெரான், ரிபாவிரின் ஆகியவற்றோடு மூன்றாவதாகச் சேர்க்கப்பட்டன. இவை மரபணு வகை 1 வைரசுக்கு உரியவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவ்வகையே மிகுதி. எகிப்தில் மேலோங்கி நின்றதோ மரபணு வகை 4. நோய் மிகுந்திருந்த நாட்டிற்கு அம்முன்னேற்றம் ஏறத்தாழப் பயன்படாமலே கடந்து சென்றது. எந்த வைரஸ் வகை ஆராய்ச்சியின் இலக்காகின்றது என்பதில் மருந்துச் சந்தைக்கும் பங்குண்டு என்பதற்கு இது சான்று.

ஊசியற்ற கூட்டு

இன்டர்ஃபெரான் இல்லாமல் வைரசை நீக்க முடியுமா என்னும் வினாவிற்கு 2012இல் விடை கிடைத்தது. முந்தைய சிகிச்சைக்குச் சற்றும் வசப்படாத 11 பேருக்கு டக்லாட்டாஸ்விர், அசுனாப்ரெவிர் ஆகிய இரு வாய்வழி மருந்துகள் மட்டும் தரப்பட்டன. அவர்களுள் 4 பேர் நிலையாக வைரஸ் நீங்கினர். எண்ணிக்கை சிறிது, எனினும் மாத்திரைகள் மட்டுமே நோயைத் தீர்க்கவல்லவை என்பதை அது மெய்ப்பித்தது. 2013 டிசம்பர் 6 அன்று சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வைரஸ் தன் மரபணுவைப் படியெடுக்கும் நொதியை முடக்கும் இம்மருந்துக்கு எதிர்ப்புத் திரிபு எளிதில் தோன்றுவதில்லை; பல மரபணு வகைகளுக்கும் இது பயன்பட்டது. 12 வாரச் சிகிச்சைக்கு அங்கு நிர்ணயிக்கப்பட்ட விலை 84,000 டாலர்.

எகிப்து அரசு கிலியட் நிறுவனத்தோடு பேச்சு நடத்தி, 28 மாத்திரைகள் கொண்ட குப்பி 300 டாலர் என்னும் விலையை 2014இல் பெற்றது. 12 வாரங்களுக்கு 900 டாலர். அமெரிக்க விலையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பெருந்தொகை நோயாளிகளும், முன்பே இயங்கிவந்த சிகிச்சை மையங்களும் அரசின் பேரவலிமையாக அமைந்தன. சோஃபோஸ்புவிருக்கான காப்புரிமை எகிப்தில் வழங்கப்படாததால், 2015இல் உள்நாட்டு நிறுவனங்களும் அதனைத் தயாரிக்கத் தொடங்கின. விலை மேலும் வீழ்ந்தது.

ஆயினும் புதிய மருந்து வந்த அன்றே ஊசி மறைந்துவிடவில்லை. 2014 இறுதியில் தொடங்கிய முதற்கட்டத்தில் இன்டர்ஃபெரானைத் தாங்கக்கூடியவர்களுக்கு சோஃபோஸ்புவிர், பெக்இன்டர்ஃபெரான், ரிபாவிரின் என்னும் மும்மருந்துக் கூட்டு 12 வாரங்களும், மற்றவர்களுக்கு சோஃபோஸ்புவிர், ரிபாவிரின் என்னும் இருமருந்துக் கூட்டு 24 வாரங்களும் தரப்பட்டன. கல்லீரலில் நார்த்திசு மிகுதியாக வளர்ந்தோருக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. பின்னர் வெளியான பதிவுகளின்படி முதற்கூட்டில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினரும், இரண்டாவதில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். இவ்வேறுபாட்டை முழுவதும் மருந்தின்மேல் ஏற்றிக் கூறலாகாது. இன்டர்ஃபெரானைத் தாங்க இயலாதோர் இயல்பாகவே நோய் முற்றியோராக இருந்தனர். எனினும் சோஃபோஸ்புவிருக்குத் தக்க துணை தேவை என்பதை இது உணர்த்திற்று. 2015இன் பிற்பகுதியில் டக்லாட்டாஸ்விர் துணையாகச் சேர்ந்தபோது, ஊசியின்றியே வெற்றி ஏறத்தாழ 95 விழுக்காட்டை எட்டியது. நோய் முற்றியோருக்கு மட்டும் ரிபாவிரின் உடன் சேர்க்கப்பட்டது.

மருந்திலிருந்து மக்களிடம்

2016இன் நடுப்பகுதியில் சிகிச்சைக்குக் காத்திருந்தோர் பட்டியல் தீர்ந்தது. ஆனால் நோய் தீர்ந்துவிடவில்லை. தமக்கு நோய் இருப்பதை அறிந்தோர் மட்டுமே வந்து முடித்திருந்தனர். அறியாதோரைத் தேடிச் செல்லவேண்டிய நிலை உருவாயிற்று. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ‘10 கோடி நலவாழ்வு’ என்னும் பெயரில் நாடு தழுவிய பரிசோதனை இயக்கம் நடைபெற்றது. இலக்கான 6 கோடியே 25 லட்சம் பேரில் 4 கோடியே 96 லட்சம் பேர், அதாவது 79 விழுக்காட்டினர், பரிசோதிக்கப்பட்டனர். விரல் நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியே முதற்சோதனைக்குப் போதுமானதாயிற்று. 4.6 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது.

இவ்வியக்கத்தின் முடிவுகள் 2020இல் வெளியாயின. சிகிச்சையின் விளைவு அறியப்பட்ட 4,65,992 பேரில் 98.8 விழுக்காட்டினர் குணமடைந்தனர். ஒரு நோயாளியைக் கண்டறிந்து குணப்படுத்த ஆன செலவு ஏறத்தாழ 131 டாலர். இப்புள்ளிவிவரங்களை மேற்கோள் காட்டுவோர் அவற்றின் அடித்தொகையை மறத்தலாகாது. எதிர்ப்பொருள் காணப்பட்டோர் சுமார் 22 லட்சம் பேர். அவர்களுள் சிகிச்சைக்கான மதிப்பீட்டிற்கு உட்பட்டோர் ஏறத்தாழப் பாதியினர். அம்மதிப்பீட்டில் வைரஸ் உறுதியானோர் 76.5 விழுக்காடு, அவர்களுள் 91.8 விழுக்காட்டினர் சிகிச்சை தொடங்கினர். விளைவு பதிவானோர் இன்னும் சிறிய தொகுதியினர். 98.8 என்னும் எண் இறுதித் தொகுதிக்கு மட்டுமே உரியது. நாடு முழுமைக்கும் உரியதன்று. மருந்தின் ஆற்றலை அது காட்டுகின்றது. ஒவ்வொரு படியிலும் விடுபட்டோரை அது காட்டவில்லை.

மூன்று கூட்டுகளின் ஒப்பீடு

மேற்கண்ட வரலாற்றில் ‘கூட்டு’ என்னும் சொல் மூன்று பொருள்களில் வழங்கியமை தெளிவாகின்றது. முதலாவது, இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும் சேர்ந்தது. உடலின் எதிர்ப்பாற்றலைச் சார்ந்து, உடலையே வருத்தி வென்ற கூட்டு அது. இரண்டாவது, பழைய இணையோடு நேரடி மருந்து ஒன்று சேர்ந்தது. வெற்றியைப் பெருக்கினாலும் பழைய பளுவை அது குறைக்கவில்லை. மூன்றாவது, நேரடி மருந்துகள் தமக்குள்ளேயே சேர்ந்தது. இதில்தான் சிகிச்சை சிறப்பு மருத்துவமனையின் சுவர்களை விட்டு வெளியேற முடிந்தது.

வெற்றி விழுக்காட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், 54 என்பதிலிருந்து 95 என்பதற்கு நிகழ்ந்த உயர்வு ஏறத்தாழ இருமடங்கு மட்டுமே. ஆனால் சிகிச்சையை அடைந்த மக்கள்தொகையோ லட்சம் என்னும் அளவிலிருந்து பத்து லட்சம் என்னும் அளவிற்கு விரிந்தது. அவ்விரிவுக்கு ஊசி நீங்கியமை, காலம் 48 வாரத்திலிருந்து 12 வாரமாகச் சுருங்கியமை, கண்காணிப்பு எளிதானமை, விலை வீழ்ந்தமை, மையங்கள் முன்பே அமைந்திருந்தமை ஆகிய அனைத்தும் காரணமாயின. இன்டர்ஃபெரான் காலத்தில் அமைந்த மையங்களும் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் இல்லையெனில் மாத்திரை வந்த வேகத்தில் மக்களைச் சென்று சேர்ந்திருக்க இயலாது. குறைந்த பயன் தந்த முதற்கூட்டே பிற்காலக் கூட்டிற்குப் பாதை அமைத்தது என்பது மறைக்கப்படலாகாத உண்மை.

முடிவுரை

எகிப்தில் ஹெப்படைடிஸ் சி நோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை, மருந்துகளின் வரலாறாக மட்டும் நில்லாமல், அரசு தன் மக்களுக்குச் சிகிச்சையைக் கொண்டு சென்ற முறையின் வரலாறாகவும் அமைகின்றது. பில்ஹார்சியா ஊசி இயக்கமும் ‘10 கோடி நலவாழ்வு’ இயக்கமும் நோக்கத்தாலும் அளவாலும் ஒத்தவை. இரண்டும் கிராமந்தோறும் சென்றன. இரண்டும் தத்தம் காலத்தின் சிறந்த மருந்தையே கொண்டு சென்றன. முன்னதைக் கெடுத்தது மருந்தன்று. மருந்தைச் செலுத்திய கருவியும், அதனைத் தூய்மை செய்யப் போதாத ஏற்பாடும் ஆகும்.

ஆகவே, சிகிச்சை வரலாற்றை எழுதுவோர் எந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பதோடு, அது எக்கருவியால், எவ்வளவு காலம், எவ்விலையில், யாரைத் தவிர்த்து வழங்கப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்வினாக்களை 1950களில் யாரும் போதிய அளவு எழுப்பவில்லை. அதன் விளைவை இரு தலைமுறை எகிப்தியர் தம் கல்லீரலில் சுமந்தனர். 98.8 விழுக்காடு என்னும் வெற்றியின் முன்னும் அவ்வினாக்கள் எழுப்பப்படவேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.